வடக்கு ஜன்னலில் பார்த்த புள்ளி

கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு என்னை ஒருமுறைகூடக் கீழே விடாத அன்வருக்கு,

இன்று காலை வார்டுக்கு வந்த டாக்டர் சொன்னது இது: ரெஹானாவுக்கு நேற்று மாலைக்குப் பிறகு காய்ச்சல் ஏறவில்லை. யார் வழியாகவும் வந்த தகவல் இல்லை. வார்டு வாசலில் நின்று என் காதால் கேட்டேன். உன் மனைவி நஸீமா பாபி எனக்கு முன்னால் நின்றிருந்தார். "எறங்கிடுச்சா டாக்டர், இல்ல ஏறலையா?" என்று கேட்டார். டாக்டர், "ஏறலம்மா. இப்போதைக்கு அவ்வளவுதான் சொல்ல முடியும்" என்றார். அதனால் நானும் அதையே எழுதுகிறேன். இறங்கியது என்று எழுதவில்லை.

உன் மகள் வேலூர் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறாள் என்பதே உனக்குப் புதுச் செய்தி. இப்படி எடுத்த எடுப்பில் சொல்லியிருக்கக் கூடாதோ என்னவோ. எது கடைசியாக உறுதியானதோ அதை முதல் வரியில் வைத்துப் பழகிய நிருபர் கை. நீகூடக் கிண்டல் செய்வாய். "டீ கேக்கிறப்பகூட பேப்பர்காரன் மாதிரியே கேக்கிற தோஸ்த். டீ தேவைப்படுவதாக நம்பத்தகுந்த வட்டாரம் தெரிவிக்குதுன்னு." அப்படிச் சொல்லிவிட்டு நீயே எழுந்து போய் டீ போடச் சொல்வாய்.

எனக்கு எதுவும் தோன்றவில்லை அன்வர். பயமும் இல்லை, அழுகையும் இல்லை. மார்கழிக் காலையில் பாறையைப் பிடித்துப் பிடித்து விரல் நுனி மரத்துப்போகுமே. விரல் இருக்கும், பிடியும் இருக்கும், பிடித்திருக்கிறோம் என்பது மட்டும் தெரியாது. உன் மையத்தைச் சுமந்து கபர்ஸ்தானுக்குத் தோள் கொடுத்து நடந்த அன்றிலிருந்து எனக்கு அப்படித்தான் இருக்கிறது. ரெஹானாவை இங்கே சேர்த்தபோது ஏதாவது உடையும் என்று எதிர்பார்த்தேன். உடையவில்லை. கேட்டதைக் குறித்துக்கொள்கிறேன், மாத்திரை வாங்கி வருகிறேன், வராந்தா பெஞ்சில் உட்காருகிறேன்.

வேலுவும் இங்கேதான் இருக்கிறான். ஆம்பூரில் வெல்டிங் பட்டறையை இழுத்துப் பூட்டிவிட்டு வந்திருக்கிறான். பாபிக்கு வெந்நீர் வைக்க பிளாஸ்க் வேண்டும் என்று லாங் பஜாருக்கு அனுப்பினேன். திரும்பி வந்தபோது ஒரு காலை நொண்டிக்கொண்டு வந்தான். "ஒரு பிளாஸ்க் வாங்கறதுக்குள்ள கைவண்டிக்காரன் கால்ல ஏத்திட்டான்பா. அதுக்கு அவன் என்னியத் திட்றான். பாறையில ஏர்றது சுளுவு, லாங் பஜார்ல நடக்கிறதுதான் பேஜார்" என்றான். பாபி லேசாகச் சிரித்தார். பல நாளுக்குப் பிறகு பார்த்த சிரிப்பு. உனக்குச் சொல்ல வேண்டும் என்று குறித்துக்கொண்டேன்.

இந்தக் கடிதத்தைப் பேப்பரில் போடலாமா என்று பாபியிடம் கேட்டேன். என்னை அவர் அண்ணன் முறையில் பாய் என்றுதான் கூப்பிடுவார். "போடுங்க பாய். ஆனா ஒண்ணு. அது குரோம் புண்ணுன்னு அவர் சொன்னாரே, அதையும் போடுங்க. நாளைக்கு வேற எவளாவது அதே வார்த்தையக் கேட்டுட்டு சும்மா இருந்துடக் கூடாது" என்றார். ஆகவே போடுகிறேன். உனக்குத் தெரிந்ததையே இனி கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கும். படிக்கிறவர்களுக்காகப் பொறுத்துக்கொள்.

ஆம்பூர் டேனரியில் தோலைத் தரம் பிரிக்கிற மேசை உன்னுடையது. குரோம் உப்பில் பதப்படுத்தி ஈரமாக, நீல நிறத்தில் வரும் ஆட்டுத்தோலை வெட் ப்ளூ என்பீர்கள். அதை மேசையில் விரித்து, கழுத்திலிருந்து முதுகு, முதுகிலிருந்து வயிறு, வயிற்றிலிருந்து கால் என்று கையால் தடவிக்கொண்டே போவாய். எந்தத் தோல் ஷூவின் முகப்புக்கு, எது உள்துணிக்குப் பதிலாக, எது கழிவுக்கு என்று அங்கேயே முடிவாகும். மேசையை எப்போதும் வடக்குப் பார்த்த ஜன்னலுக்குக் கீழேதான் போடுவாய். மற்ற பக்கத்து வெளிச்சம் காலையில் ஒரு நிறம் காட்டும், சாயங்காலம் இன்னொரு நிறம் காட்டும். வடக்கு வெளிச்சம் மாறாது. வீட்டில்கூட சாம்பிள் பார்க்க வடக்கு ஜன்னலோரம் ஒரு பலகை போட்டு வைத்திருந்தாய். பாபி அதில் கீரை ஆய்ந்தால் சண்டைக்குப் போவாய்.

நாம் பாறை ஏற ஆரம்பித்தது ஒரு சின்னச் செய்தியால். பேரணாம்பட்டு போகிற சாலையில், மலையடிவாரத்துப் பாறைகளில், பெங்களூர்ப் பையன்கள் சிலர் கயிறு கட்டி ஏறுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். உன் வண்டியில் பின்னால் உட்கார்ந்துதான் போனேன். நான் அவர்களிடம் பெயரும் ஊரும் கேட்டுக்கொண்டிருந்தேன். நீ பாறையைப் பார்க்கவில்லை, அவர்கள் காலைப் பார்த்தாய். "தம்பி, அந்த ஷூவக் கொஞ்சம் கழட்டு" என்றாய். வாங்கி மடித்துப் பார்த்தாய், ரப்பரை நகத்தால் கீறினாய், மோந்து பார்த்தாய். விலையைக் கேட்டதும் அந்தப் பையனை ஏற இறங்கப் பார்த்தாயே, அந்த முகம் இன்னும் நினைவிருக்கிறது. "இன்னா தோஸ்த், ஷூவுல விஷயம் இவ்ளோதானா? இத நம்ம ஆம்பூர்லயே தைக்கலாம்" என்றாய்.

தைத்தாய். உனக்கு ஒன்று, எனக்கு ஒன்று, வேலுவுக்கு ஒன்று. ரெஹானா கல்லூரிக்குப் போக ஆரம்பித்ததும் அவளுக்கு ஒன்று. எல்லாமே தரம் கம்மி என்று நீ ஒதுக்கி, டேனரி ஷாப்பில் சொல்லி வாங்கி வந்த தோல். மேல்பக்கம் பொடிப் பொடியாகக் குழி இருக்கும். ஆட்டின் மேல் உண்ணி கடித்த இடம், தோல் பதமான பிறகும் போகாது. "வாங்கற பையர் இந்தப் புள்ளியப் பாத்தா லோடையே திருப்பி அனுப்பிடுவான். பாறை அப்டி இல்ல, அது எதையும் வேணாங்காது" என்பாய்.

அந்த உண்ணியைத்தான் இப்போது எழுத வேண்டியிருக்கிறது.

மாசியும் பங்குனியும்தான் நம் பாறைக்கு நல்ல காலம். பனி விட்டிருக்கும், வெயில் இன்னும் முழுதாக வந்திருக்காது. காலையில் பாறை உலர்ந்து, கையில் வழுக்காமல் நிற்கும். கொஞ்சம் தாமதமாகப் போனால் வேலூர் வெயில் பாறையை அடுப்புக் கல்லாக்கிவிடும், ஷூ ரப்பர் இளகும். இதெல்லாம் நமக்குத் தெரியும். அதே மாதங்களில் மலையில் புல் காய்ந்து, ஆடுகள் அடிவாரத்துக்கு இறங்கி வரும் என்பதும் தெரியும். மத்தியானத்தில் அவை ஒதுங்க நிழல் வேண்டும். பாறை முன்னால் துருத்திக்கொண்டு நிற்கிற இடத்தில்தான் நிழல். நாம் கயிறு கட்டி ஏற ஆரம்பிக்கிற இடமும் அதுதான். ஆட்டுப் புழுக்கை காலில் மிதிபடும். பூச்சி அங்கே காத்துக்கொண்டிருக்கும் என்று நாம் நினைக்கவே இல்லை. எனக்கோ அது தெரியாத விஷயம். நீ தினமும் கையால் தடவிப் பார்த்த விஷயம். உனக்கும் ஏன் தோன்றவில்லை என்று ஒரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். தோலில் இருந்ததால் அது உனக்கு வேலையாகிவிட்டதோ?

போன வருஷம் மாசியில், நோன்பு ஆரம்பிப்பதற்கு முந்தைய ஞாயிறு, அந்தக் கடைசிப் பிடியில் நீ மறுபடியும் வழுக்கினாய். வெடிப்பு முடிந்து, மொழுமொழுவென்று இருக்கிற இடத்தில் கட்டை விரல் அகலத்துக்கு ஒரு விளிம்பு. அதற்கு மேல் கை போனதே இல்லை. இறங்கி வந்து, இடுப்பு ஹார்னஸைக்கூடக் கழற்றாமல் ஆட்டு நிழலில் மல்லாந்து படுத்தாய். "ஏசி ரூம்பு தோஸ்த், வாடகை இல்ல" என்றாய். வேலு உன் வயிற்றைப் பார்த்துவிட்டு, "இந்தத் தொப்பையத் தூக்கிக்கினு மேல போவணும்னா கயிறு பத்தாது, கிரேன் சொல்லணும்" என்றான். "நீ பண்ண கொக்கி என்னியத் தாங்குச்சுன்னா, உன் வேலைதான் சுத்தம்னு ஆவுது. அதுக்குத்தான் வுழுந்து வுழுந்து காட்றேன்" என்றாய். வேலு அந்த வாக்கியத்தை இன்னும் சொல்லிக் காட்டுகிறான். சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறான்.

அதற்கப்புறம் நடந்ததை பாபி சொன்னபடி எழுதுகிறேன்.

நோன்பு ஆரம்பித்த பிறகு ஒரு நாள் நீ குளித்துவிட்டு வரும்போது, இடுப்பில், லுங்கி கட்டுகிற இடத்துக்கு மேலே ஒரு கருத்த பொருக்கை பாபி பார்த்தார். பீடி நெருப்பு பட்டது மாதிரி. சுற்றிலும் சிவந்திருந்தது. "இன்னா இது?" என்று கேட்டிருக்கிறார். நீ குனிந்துகூடப் பார்க்கவில்லை. "குரோம் புண்ணு. ஏப்ரனுக்குள்ள தண்ணி போயிருக்கும்" என்றாய். பாபி மறுபடி கேட்கவில்லை. ஏன் கேட்க வேண்டும்? ஈரத்தோலைக் கையாளுகிறவர்களுக்குக் கையிலும் முழங்கையிலும் அந்தப் புண் வந்து வந்து போகும். உன் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் எல்லோருக்கும் தெரிந்த புண். தேங்காய் எண்ணெய் தடவினால் ஆறுகிற புண். வேறு ஊரில், வேறு வேலை செய்கிறவனுக்கு வந்திருந்தால் இது என்ன என்று பயந்திருப்பான். உன்னிடம் அதற்கு ஒரு பெயர் தயாராக இருந்தது.

அதற்குப் பிறகுதான் காய்ச்சல். நோன்பு வைத்திருந்ததால் அசதி, தலைவலி எல்லாவற்றுக்கும் காரணம் கையிலேயே இருந்தது. "முடியாதவனுக்கு நோன்பு விலக்கு இருக்கு, ஏன் இப்டி பிடிவாதம் பண்றீங்க?" என்று பாபி சண்டை போட்டிருக்கிறார். "இது காய்ச்சல் இல்ல, சும்மா சூடு. வெயில் ஜாஸ்தி" என்றாய். பக்கத்துத் தெரு கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டாய். அங்கே காய்ச்சலைச் சொன்னாய், பொருக்கைக் காட்டவில்லை. புண்ணுக்கும் காய்ச்சலுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று யார்தான் நினைப்பார்கள்?

மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகுதான் வேலூருக்குக் கொண்டுவந்தோம். இங்கே ஒரு டாக்டர் உன் சட்டையைத் தூக்கினார், இடுப்பைப் பார்த்தார், உடனே யாரையோ கூப்பிட்டார். அப்போதுதான் உண்ணிக் காய்ச்சல் என்ற பெயரை முதன்முதலாகக் கேட்டோம். நீ பெருநாளைப் பார்க்கவில்லை. ரத்தப் பரிசோதனை முடிவு உன்னை அடக்கம் செய்த பிறகு வந்தது, டாக்டர் சொன்னதையே சொன்னது. ஆரம்பத்திலேயே வந்திருந்தால் மாத்திரைக்கே கேட்டிருக்கக்கூடும் என்றும் டாக்டர் சொன்னார். பாபி முக்காட்டைச் சரி செய்துகொண்டு எழுந்தார்.

பிறகு ஒரு வருஷம் நாங்கள் யாரும் பாறைப் பக்கம் போகவில்லை. கயிறு என் வீட்டில் ஆணியில் தொங்கியது. உன் மேசையில் இப்போது வேறொருவர் நிற்கிறார். நல்லவர்தான். நான் அந்தப் பக்கம் போனால் சலாம் சொல்கிறார்.

இந்தப் பெருநாளுக்கு உன் வீட்டுக்குப் போனேன். வேலுவும் வந்தான். பால் சேமியா ஷீர் குருமா கிண்ணத்தைக் கையில் கொடுத்துக்கொண்டே, சித்தப்பாவிடம் கேட்கிற உரிமையோடு ரெஹானா என்னைக் கேட்டாள், "சாச்சா, ஞாயித்துக்கெழம கயிறு புடிக்க வர்றீங்களா?"

அவள் இப்போது ஷூ கம்பெனியில் தரச் சோதனைப் பிரிவில் இருக்கிறாள். வேலைக்குப் போகிற பெண். குரலைத் தாழ்த்தாமல்தான் கேட்டாள். சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. பாபி கரண்டியோடு வெளியே வந்தார்.

"பாறை உங்கப்பாவத் தின்னுச்சு. அது பத்தலையா?"

"பாறை திங்கல அம்மி. பூச்சி கடிச்சுது. கடிச்சதப் பாத்துட்டு நாம வேற பேர் சொல்லிட்டோம். அதான்."

வேலு கிண்ணத்துக்குள் பார்த்துக்கொண்டு, "பாபி, சேமியா ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்றான். யாரும் அவனைக் கவனிக்கவில்லை.

"அப்பா நின்ன எடத்துல நான் ஒரு தபா நிக்கணும்" என்றாள் ரெஹானா. "அதுக்கப்புறம் நீங்க வேணாம்னா போகல. ஆனா பயந்துகினு போகாம இருக்க மாட்டேன்."

பாபி என்னைப் பார்த்துச் சொன்னார். "போகட்டும் பாய். ஆனா வந்ததும் வடக்கு ஜன்னல்ல நிக்கணும். அவர் ஆட்டுத்தோலப் பாத்த மாதிரி நான் பாப்பேன். கழுத்துலேர்ந்து கால் வரைக்கும். ஒரு நாளைக்கு இல்ல. நான் போதும்னு சொல்ற வரைக்கும் தெனமும். சம்மதமா கேளுங்க."

"சம்மதம்" என்றாள் உன் மகள்.

போனோம். பங்குனிக் காலை. புங்கமரம் புதிதாகத் துளிர்த்திருந்தது. தேன்கூடு இருக்கிறதா என்று முதலில் பாறையை நிமிர்ந்து பார்த்தோம், நீ எப்போதும் செய்வது மாதிரி. பேன்ட்டை சாக்ஸுக்குள் செருகி, பூச்சி அண்டாத களிம்பைத் தடவிக்கொண்டோம். வேலு ஒரு வெள்ளை வேட்டியைக் கொண்டுவந்திருந்தான். எங்கேயோ கேட்டு வந்திருக்கிறான்: காய்ந்த புல்லின் மேல் வெள்ளைத் துணியை இழுத்துக்கொண்டு போனால் உண்ணி அதில் ஏறுமாம், கண்ணுக்குத் தெரியுமாம். முன்னால் அவன் வேட்டியை இழுத்துக்கொண்டு போக, பின்னால் நாங்கள் நடந்தோம். "கல்யாணத்துக்குக் கட்ன வேட்டி. எம்பொண்டாட்டி கேட்டா, வேட்டியில மாட்னது நீதான்னு சொல்லுவேன்" என்றான். துணியில் உண்ணி இரண்டு ஏறியது. அவற்றைக் கல்லில் வைத்து நசுக்கினான். வழியை மாற்றி, பாறையின் வெயில் பக்கமாகச் சுற்றிப் போனோம். ஆட்டு நிழலில் யாரும் உட்காரவில்லை. ஆனால் ஏற வேண்டிய இடம் அதன் ஓரத்தில்தான். ஷூவை மாட்ட ரெஹானா ஒரு கல்லில் உட்கார்ந்தாள். அவ்வளவுதான் உட்கார்ந்தது.

நீ தைத்த ஷூ. அந்தப் புள்ளிகள் அப்படியே இருக்கின்றன.

அவள் ஏறினாள் அன்வர். நான் கயிறு பிடித்தேன். வெடிப்பு வரைக்கும் சரளமாகப் போனாள். அந்த விளிம்பில் வந்து நின்றாள். நீ அங்கே அவசரப்படுவாய், அவள் அவசரப்படவில்லை. ஒரு காலை மாற்றி வைத்தாள், வழுக்காதிருக்கக் கையில் பூசிய பொடியை ஊதினாள், எழுந்தாள். விளிம்புக்கு மேலே நமக்குக் கீழிருந்து தெரியாத ஒரு குழி இருக்கிறதாம். அவள் கை அதில் போய் உட்கார்ந்தது. மேலே போய் நின்று அவள் கத்தவில்லை. "இருக்கேன் சாச்சா" என்று மட்டும் சொன்னாள். வேலு மூக்கை உறிஞ்சினான். கயிறு தளர்ந்ததும் நான் கொஞ்சம் இழுத்துக்கொண்டேன். அது ஒன்றுதான் எனக்குத் தெரிந்தது, கயிற்றின் எடை.

வெயில் ஏறுவதற்குள் இறங்கிவிட்டோம். வீட்டில் துணியையெல்லாம் பாபி வெந்நீரில் போட்டார். ரெஹானா குளித்துவிட்டு ஜன்னலோரம் நின்றாள். பாபி பார்த்தார். எதுவும் இல்லை. மறுநாளும் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் ரெஹானா சலித்துக்கொண்டிருக்கிறாள். "அம்மி, நான் எக்ஸ்போர்ட் ஐட்டமா? தெனம் தெனம் செக்கிங்." பாபி, "தேர்ட் கிரேடு. திரும்பு" என்று சொல்லியிருக்கிறார். ரெஹானா இதை என்னிடம் சொன்னபோது, அப்பா மாதிரியே சொன்னாங்க சாச்சா என்றாள்.

பாறைக்குப் போய் வந்து ஒரு வாரம் கடந்து, பெருநாளுக்கு வாங்கிய சேமியா தீரும் சமயத்தில், ஒரு காலை, இடுப்பில், ஹார்னஸ் வார் அழுந்துகிற இடத்தில் பாபியின் விரல் நின்றது. சின்னப் பொருக்கு. மிளகளவு இருக்கும். கருப்பு.

"வார் ஒரசினது அம்மி. வலிக்கவே இல்ல" என்றாள் ரெஹானா.

பாபி சொன்னதை அவர் வாயாலேயே கேட்டேன், ஆகவே அப்படியே தருகிறேன்: "வலிக்கலைன்னுதான் உங்கப்பாவும் சொன்னார். எல்லாரும் ஒரு பேர் வெச்சினு இருக்கீங்க. எனக்குப் பேர் வேணாம். கெளம்பு."

அப்போது காய்ச்சல்கூட இல்லை. பஸ்ஸில் வரும்போதுதான், பள்ளிகொண்டா தாண்டி, ரெஹானா அவர் தோளில் சாய்ந்திருக்கிறாள். உடம்பு சுட்டிருக்கிறது. வேலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து நேராக இங்கே வந்துவிட்டார். எனக்கு போன் செய்தது அதற்கப்புறம்.

டாக்டர் பொருக்கைப் பார்த்தார். "இத யாரு பாத்தது?" என்று கேட்டார். "நான்தான்" என்றார் பாபி. டாக்டர் தலையாட்டிவிட்டு எழுத ஆரம்பித்தார். பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் அன்றே மருந்தை ஆரம்பித்துவிட்டார்கள். கடித்தது உண்ணியா, கண்ணுக்கே தெரியாத அதைவிடச் சின்னப் பூச்சியா என்பது ரத்தத்தில்தான் தெரியுமாம். பின்னது என்றால் வேலுவின் வேட்டி அதைக் காட்டியிருக்காது. இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான் என்றார். வேலு அதைக் கேட்டதிலிருந்து, "நான் இழுத்ததுல அது ஏறலியே, ஏறலியே" என்று சொல்லிக்கொண்டிருக்கிறான். பாபிதான் அவனைச் சத்தம் போட்டார். "வேட்டி பாக்காததத்தான் நான் பாத்தேன் இல்ல. சும்மா இரு வேலு."

சேர்த்த முதல் நாட்கள் நன்றாக இல்லை. காய்ச்சல் இறங்கி ஏறியது. உள்ளங்கையில் சிவப்பாகத் தடித்தது. தலைவலி தாங்காமல் துண்டால் கட்டிக்கொண்டு கிடந்தாள். நடுவில் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "சாச்சா, பேப்பர்ல போட்றாதீங்க, கம்பெனில லீவு வைரல் ஃபீவர்னு சொல்லியிருக்கேன்" என்றாள். போடுகிறேன் என்று அப்போது சொல்லவில்லை. நேற்று கேட்டேன். "போடுங்க. ஆனா கடைசிப் பிடி ஏறினதையும் போடணும்" என்றாள். போட்டுவிட்டேன்.

இப்போது சாய்ந்து உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறாள். பாபி ஊட்டவில்லை, பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஜன்னல் இருக்கிறது. எந்தத் திசை என்று பாபி நர்ஸிடம் கேட்டாராம். மேற்கு என்றதும், "வெளிச்சம் சரியில்ல" என்று சொல்லிவிட்டு, தினமும் காலையில் ரெஹானாவின் கையைப் பிடித்து மெதுவாக வராந்தா வரை கூட்டி வருகிறார். நான் உட்கார்ந்திருக்கிற பெஞ்சு வடக்குப் பார்த்தது. அவர்கள் வந்தால் நான் எழுந்து அந்தப் பக்கம் போய்விடுவேன். பாபி அவள் உள்ளங்கையை வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பார். இன்று காலை தடிப்பு மங்கியிருக்கிறது என்றார். இது பாபியின் கூற்று. டாக்டர் இன்னும் சொல்லவில்லை.

பாபியிடம் நான் என்ன சொல்வது, அன்வர்? நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? "தோஸ்த், என் பொண்டாட்டி தரம் பாக்கிற செலக்‌ஷன்ல என்னியவே தூக்கிச் சாப்ட்டா" என்று ஊரெல்லாம் சொல்லியிருப்பாய். அதைக் கற்பனை செய்து பார்த்தேன். உன் குரல் வந்தது. எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. விரலில் லேசாக ஒரு குறுகுறுப்பு மட்டும் இருந்தது, மரத்துப்போன கையை வெயிலில் காட்டும்போது முதலில் வருமே அது மாதிரி. அது அதுதானா என்று எனக்குத் தெரியாது. உறுதியானால் எழுதுகிறேன்.

ஒன்று மட்டும் உனக்கு வாக்காகத் தருகிறேன். ரெஹானா மறுபடி பாறைக்குப் போவாளா, பாபி விடுவாரா என்பது அவர்கள் இருவருக்கும் நடுவில் உள்ளது. அதில் நான் பேசமாட்டேன். போனால், கயிற்றின் இந்த முனையில் நான் இருப்பேன். உன் பழைய ஷாப்பில் ஈரத்தோலைத் தொடுகிற ஒவ்வொருவரிடமும், மேசை மேசையாகப் போய், காய்ச்சல் வந்தாலும் வராவிட்டாலும் கருத்த பொருக்குக்கு எந்தப் பெயரும் வைக்காமல் டாக்டரிடம் காட்டச் சொல்லுவேன். பாபியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இனி தெரிய வேண்டியது இரண்டு. ரத்தப் பரிசோதனை முடிவு வியாழன் மதியம் வரும் என்று லேபில் சொன்னார்கள். அதுவரை காய்ச்சல் ஏறாமல் இருந்தால், வெள்ளிக்கிழமை காலை பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்புவதா என்று சொல்வதாக டாக்டர் சொன்னார். அனுப்பினால், ஜும்ஆத் தொழுகைக்கு முன்னால் ஆம்பூர் போய்ச் சேர்ந்து, உன் கபர் பக்கத்தில் நின்று, இறங்கியது என்ற அந்த வார்த்தையை உனக்குச் சொல்லுவேன். இன்னும் சொல்லவில்லை.

உன் மகளுக்குச் சாச்சா,
உனக்கு எப்போதும் தோஸ்த்,
சேகர்